12 விநாடிக்குப் பின்னால் 4 வருட உழைப்பு... சைக்கிள் கடைக்காரர் வில்பர் ரைட் காட்டிய அஜைல் வழி!

எட்டு மாதம் ராப்பகலா உழைத்த ப்ராஜெக்ட். சனி, ஞாயிறுகூட லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். கடைசியில் டெமோ நாள் வரும். கிளையன்ட் பத்தே நிமிடம் பார்த்துவிட்டு, நாங்க கேட்டது இது இல்லையே என்று கூலாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த மீட்டிங் ரூமின் அமைதி இருக்கே... அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வலிக்கு மருந்தாகத்தான், 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 சாஃப்ட்வேர் ஆட்கள் கூடி அஜைல் கொள்கைகளை எழுதினார்கள். வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரி, ஒவ்வொரு துண்டையும் ஓட்டிப் பார், தப்பு தெரிந்தால் ப்ளானை மாற்று. சுருக்கமா சொல்லணும்னா இவ்வளவுதான்.

ஆனா, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில், கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு சைக்கிள் கடைக்காரர் கிட்டத்தட்ட இதே வழியில் வேலை பார்த்தார். மனிதர்களைப் பறக்கவும் வைத்தார். அவர் பெயர் வில்பர் ரைட். ரைட் சகோதரர்களில் மூத்தவர். அவர் ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும். எப்படி ஜெயித்தார் என்பதும், அந்த வழியைக் கைவிட்ட பிறகு என்ன இழந்தார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பாதியையும் பற்றியது.

உடைந்த பற்களும் மூன்று வருட வீட்டுச்சிறையும்

1867 ஏப்ரல் 16-ம் தேதி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மில்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் வில்பர் பிறந்தார். அப்பா மில்டன் ரைட், கிறிஸ்தவ சபை ஒன்றின் பிஷப். அம்மா சூசன், கையில் எது கிடைத்தாலும் பழுது பார்த்துவிடும் ஆள். பிள்ளைகளுக்குப் பொம்மை செய்துகொடுப்பதும் அவர்தான். நாலு வருடம் கழித்து, ஓஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தம்பி ஆர்வில் பிறந்தார். அவருக்கும் பின்னால் தங்கை கேத்தரின்.

1878-ல் அப்பா வெளியூரிலிருந்து வரும்போது ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் மேலே எழும்பிப் பறக்கும். அது உடைகிற வரை பிள்ளைகள் விளையாடினார்கள். உடைந்த பிறகு தாங்களே அதேபோல் செய்து பார்த்தார்கள்.

படிப்பில் வில்பர் கெட்டி. யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. 1885-86 குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழானது. பனித்தரையில் ஹாக்கி விளையாடும்போது மட்டை முகத்தில் பட்டு முன்பற்கள் போய்விட்டன. காயம் ஆறினாலும் மனம் ஆறவில்லை. உடம்பு சரியில்லை என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. யேல் கனவு அதோடு முடிந்தது. சுமார் மூன்று வருடம் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராமல், காசநோயில் கிடந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டும் அப்பாவின் புத்தகங்களைப் படித்துக்கொண்டும் இருந்தார். 1889-ல் அம்மா இறந்தார்.

அப்புறம் தம்பியோடு சேர்ந்து அச்சகம் நடத்தினார். 1892-ல் சைக்கிள் கடை போட்டார்கள். 1896 முதல் சொந்த பிராண்டிலேயே சைக்கிள் செய்து விற்றார்கள். பெரிய பணக்காரர்கள் ஆகவில்லை. ஆனா கடை நன்றாக ஓடியது. பின்னால் செய்யப்போகும் எல்லா சோதனைக்கும் செலவு செய்தது அந்தக் கடைதான்.

அஞ்சு வருடத்தில் அஞ்சு மணி நேரம்

1896 ஆகஸ்ட்டில் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. கிளைடரில் பறந்து உலகையே வியக்கவைத்த ஓட்டோ லிலியந்தால், கீழே விழுந்து இறந்துபோனார். பலரும் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். வில்பர் மட்டும் அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். லிலியந்தால் சுமார் 2,000 முறை பறந்திருக்கிறார். ஆனா ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். எல்லாவற்றையும் கூட்டினால் அஞ்சு வருடத்தில் காற்றில் இருந்தது அஞ்சு மணி நேரம்தான்.

அஞ்சு மணி நேரம் ஓட்டிவிட்டு, நெரிசலான ரோட்டில் யாராவது சைக்கிளை விடுவார்களா? சைக்கிள் கடைக்காரருக்கு இது சட்டென்று உறைத்தது. பிரச்னை இறக்கையோ இன்ஜினோ மட்டும் இல்லை. காற்றில் பேலன்ஸ் பண்ணக் கற்றுக்கொள்வதுதான் உண்மையான பிரச்னை. அதைக் கற்க நிறைய நேரம் பறக்க வேண்டும். நிறைய நேரம் பறக்க வேண்டுமென்றால், முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

1899 மே 30-ம் தேதி, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பறப்பது பற்றி வெளிவந்திருக்கும் ஆய்வுகளை அனுப்பிவைக்கும்படி கேட்டிருந்தார். இந்தத் தேதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

முதல் வெர்ஷன் ஒரு பட்டம்!

அதே வருடம் ஒருநாள், கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, சைக்கிள் டியூப் வரும் காலி அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார் வில்பர். பெட்டியின் ஒரு முனை ஒரு பக்கமாகவும், மறுமுனை எதிர்ப்பக்கமாகவும் திரும்பியது. விமான இறக்கையை இப்படி முறுக்கினால்? இடதுபக்கம் ஒரு கோணம், வலதுபக்கம் வேறு கோணம். சாய்வதையும் நிமிர்வதையும் ஓட்டுபவரே கட்டுப்படுத்தலாம்!

ஐடியா கிடைத்ததும் அவர் முழு விமானத்துக்கு டிசைன் போடவில்லை. 5 அடி அகலத்தில் ஒரு பட்டம் செய்து, கயிறுகளால் இறக்கையை முறுக்கிப் பறக்கவிட்டுப் பார்த்தார். வேலை செய்தது. இன்றைய பாஷையில் சொன்னால், மிகச் சின்ன வெர்ஷன் ஒன்றை எடுத்து, தன் மிகப்பெரிய சந்தேகத்தை மட்டும் முதலில் தீர்த்துக்கொண்டார்.

அடுத்து, நல்ல காற்று வீசும் இடம் வேண்டும். விழுந்தாலும் அடிபடாத மணல் வேண்டும். வானிலைத் துறையிடம் விவரம் கேட்டு, வட கரோலினா கடற்கரையில் உள்ள கிட்டி ஹாக் என்ற குக்கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். அதாவது, விழுந்து எழுந்து பழகுவதற்கே தோதாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். டீமில் தப்பு பண்ணப் பயமில்லாத சூழல் வேண்டும் என்று இப்போது பேசுகிறோமே, அவருக்கு அது நிஜமாகவே மணல்மேடாக இருந்தது.

1900-ல் கொண்டுபோன கிளைடருக்குப் பொருள் செலவு சுமார் 15 டாலர்தான். மணிக்கணக்கில் பறந்து பழகலாம் என்று நினைத்துப் போனவருக்கு, சுதந்திரமாகப் பறக்கக் கிடைத்தது மொத்தமே இரண்டு நிமிடத்துக்குப் பக்கம். ஆனாலும் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த வருட வேலை முடிந்ததும் கிளைடரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அதன் துணியை எடுத்து, இடம் கொடுத்து உதவிய குடும்பத்தின் அம்மா தன் மகள்களுக்கு கவுன் தைத்துக்கொடுத்தார். பழைய வெர்ஷன் மேல் அவர்களுக்கு இருந்த பற்று அவ்வளவுதான்!

ரயிலில் உடைந்துபோன மனிதர்

1901-ல் இன்னும் பெரிய கிளைடரோடு போனார்கள். மழை, கொசு, காய்ச்சல் என்று எல்லாம் சேர்ந்து படுத்தியது. அதைவிடப் பெரிய அடி கிளைடர் கொடுத்ததுதான். கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சில நேரம் திருப்பினால் எதிர்த்திசையில் சுழன்றது.

டேட்டனுக்குத் திரும்பும் ரயிலில் வில்பர் நொறுங்கிப்போயிருந்தார். மனிதன் என்றைக்காவது பறப்பான், ஆனா நம் ஆயுள் காலத்தில் நடக்காது என்கிற அளவுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. இரண்டு வருட உழைப்பு அவ்வளவுதானா?

இந்த இடத்தில் இரண்டு பேர் அவரைக் காப்பாற்றினார்கள். ஒருவர், ஆக்டேவ் ஷனூட். வயதில் மூத்த இன்ஜினீயர், கடிதம் மூலம் பழக்கமானவர். சிகாகோவில் இன்ஜினீயர்கள் கூட்டத்தில் வந்து பேசும்படி அழைத்தார். இன்னொருவர் தங்கை கேத்தரின். போக மாட்டேன் என்று தயங்கியவரை நச்சரித்து அனுப்பிவைத்ததே அவர்தான். செப்டம்பரில் வில்பர் போனார். தோல்வியை மறைக்காமல், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அப்படியே எடுத்துச்சொன்னார். ஸ்பிரின்ட் முடிந்ததும் டீம் உட்கார்ந்து ரெட்ரோ பேசுகிறதே, அதைப் பெரிய மேடையில் தனியாளாகச் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பேசப்போய்த்தான் ஒரு கேள்வி கூர்மையானது. தப்பு நம் கிளைடரிலா, இல்லை நாம் நம்பிய புத்தகக் கணக்கிலா?

அண்ணனும் தம்பியும் சைக்கிள் ஒன்றின் ஹேண்டில்பார்மேல் மூன்றாவது சக்கரத்தைப் படுக்கையாக மாட்டி, அதில் இறக்கைத் துண்டுகளைக் கட்டி, டேட்டன் தெருக்களில் மிதித்துத்தள்ளினார்கள். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! அப்புறம் கடை மாடியில் 6 அடி நீள மரப்பெட்டியில் ஒரு விண்ட் டனல் செய்தார்கள். ஆக்ஸா பிளேடும் சைக்கிள் ஸ்போக்ஸும்தான் அளவுக்கருவிகள். இரண்டே மாதத்தில் சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். காற்றழுத்தத்தைக் கணக்கிட நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் பயன்படுத்திவந்த ஓர் எண்ணே தவறு என்பதும் புரிந்துபோனது.

ஒரு கிளைடர் செய்து, கடற்கரைக்குக் கொண்டுபோய், பறக்கவிட்டுத் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆகும். விண்ட் டனலில் அதே தப்பு சில நிமிடத்தில் தெரிந்துவிடும். உண்மை தெரியவரும் நேரத்தைக் குறைத்ததுதான் வில்பரின் வாழ்க்கையில் பெரிய திருப்பம். அஜைல் என்ற வார்த்தைக்குள் இருக்கும் உயிர்நாடியும் இதுதான்.

சண்டை போட்டே சரிசெய்த டீம்

1902-ல் கொண்டுபோன புது கிளைடர் நன்றாகப் பறந்தது. ஆனா திரும்பும்போது மட்டும் அவ்வப்போது மணலில் சொருகியது. ஒருநாள் இரவு தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்த ஆர்வில், பின்னால் இருக்கும் சுக்கான் அசையாமல் நிற்பதுதான் காரணம், அதை அசையும்படி மாற்றணும் என்று முடிவுக்கு வந்தார். காலையில் அண்ணனிடம் சொன்னார். எப்படியும் மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தார். வில்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஒப்புக்கொண்டார். அதோடு விடாமல், சுக்கானையும் இறக்கை முறுக்கும் கம்பியையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்று மேலே ஒரு படியும் சேர்த்தார். ஐடியா யாருடையது என்ற பேச்சே எழவில்லை.

இவர்கள் இப்படி அமைதியாகவே எப்போதும் பேசினார்கள் என்று நினைக்காதீர்கள். கடையே அதிரும்படி கத்திச் சண்டை போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் தம்பியின் கட்சிக்கும், தம்பி அண்ணனின் கட்சிக்கும் மாறியிருப்பார்கள். திரும்பவும் சண்டை! சண்டை யோசனையோடுதான், ஆளோடு இல்லை.

அந்த சீசனில் 700-லிருந்து 1,000 முறை வரை பறந்தார்கள். அதிகபட்ச தூரம் 622 அடி. இப்போதுதான், நாலாவது வருடத்தில்தான், இன்ஜின் பற்றியே யோசிக்க ஆரம்பித்தார்கள். கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் 12 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றைச் செய்துகொடுத்தார்.

இரண்டு டீம், ஒன்பது நாள் இடைவெளி

இதே நேரத்தில் வாஷிங்டனில் இன்னொரு டீம் இருந்தது. தலைவர் சாமுவேல் லாங்லி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர், பெரிய விஞ்ஞானி. 1896-லேயே ஆளில்லாத மாடல்களை அரை மைலுக்கும் மேல் பறக்கவிட்டவர். ராணுவத் துறை அவருக்கு 50,000 டாலர் கொடுத்தது. அவர் டீம் உருவாக்கிய இன்ஜின் 52 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது உண்மையிலேயே அசத்தல்.

ஆனா, அந்த மாடலைப் பெரிதாக்கினால் போதும், மனிதரும் பறந்துவிடலாம் என்று நம்பினார்கள். ஓட்டப்போகிற சார்லஸ் மான்லிக்குக் காற்றில் ஒரு நிமிடப் பழக்கம்கூட இல்லை. பெரிய விமானத்தின் முதல் சோதனையும், மனிதர் ஏறும் முதல் சோதனையும், உலகத்துக்கான டெமோவும் ஒரே நாளில்!

1903 அக்டோபர் 7. படகு வீட்டின் மேலிருந்து கவண்போல் ஏவப்பட்ட விமானம், நேரே போட்டோமேக் ஆற்றுக்குள் போனது. டிசம்பர் 8-ம் தேதி மறுபடி முயன்றார்கள். கிளம்பும்போதே உடைந்து தண்ணீரில் விழுந்தது. மான்லி நல்லவேளையாக உயிர் பிழைத்தார். பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. லாங்லி அதிலிருந்து மீளவேயில்லை. 1906-ல் இறந்தார். அவர் அறிவில் குறைந்தவர் இல்லை. மனிதரை ஏற்றிப் பார்க்கிற சோதனையைக் கடைசிவரை தள்ளிப்போட்டார். தப்பு தெரியவந்தபோது அது எல்லோர் கண்ணெதிரிலும், திருத்தவே முடியாத விலையில் வந்தது.

கிட்டி ஹாக்கிலும் அப்போது எல்லாம் சரியாகப் போகவில்லை. புரொப்பல்லரின் தண்டு உடைந்தது. ஆர்வில் டேட்டன் வரை போய்ப் புதுத் தண்டோடு வந்தார். டிசம்பர் 14, நாணயம் சுண்டியதில் ஜெயித்த வில்பர் ஏறினார். முனையை அதிகமாகத் தூக்கிவிட்டார். மூன்றரை விநாடியில் மணலில் இறங்கியது. லேசான சேதம்தான். சரிசெய்துவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி நின்றார்கள்.

டிசம்பர் 17. லாங்லியின் விமானம் ஆற்றில் விழுந்து ஒன்பதாவது நாள். உறையவைக்கும் காற்று. பார்க்க வந்தவர்கள் ஐந்தே பேர். ஆர்வில் 12 விநாடியில் 120 அடி பறந்தார். மாறி மாறி ஓட்டியதில், நாலாவது முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி பறந்தார். ஒரே நாளில் 12 விநாடி 59 ஆனது! அதன் பிறகு காற்றடித்து விமானம் உருண்டு நொறுங்கிவிட்டது. அவர்கள் சோர்ந்துபோகவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. போக்குவரத்துச் செலவு உட்பட நாலு வருடத்துக்கும் சேர்த்து ஆன செலவு 1,000 டாலருக்குள்தான் என்கிறார்கள்.

பறந்த பிறகும் முடியாத வேலை

பெரும்பாலான பாடப்புத்தகம் இங்கே முடிந்துவிடும். வில்பருக்கு இங்கே முடியவில்லை. நேராகப் போவது மட்டும் விமானம் ஆகாதே! 1904-ல் டேட்டனுக்கு வெளியே ஹஃப்மன் ப்ரெய்ரி என்ற மாட்டு மேய்ச்சல் நிலத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள். அங்கே கடற்கரைக் காற்று இல்லை, விமானம் எழும்பவில்லை. கனமான எடையை மேலிருந்து விழவிட்டு விமானத்தை இழுத்து ஏவும் அமைப்பு ஒன்றைக் கட்டினார்கள். செப்டம்பர் 20-ம் தேதி வில்பர் முதல் முழு வட்டம் அடித்தார்.

1905 ஜூலையில் ஆர்வில் மோசமாக விழுந்தார். அதிலிருந்து கற்று, முன்பக்கக் கட்டுப்பாட்டுப் பலகையைப் பெரிதாக்கினார்கள். அக்டோபர் 5-ம் தேதி வில்பர் 39 நிமிடம் தொடர்ந்து பறந்தார். வயலையே சுற்றிச் சுற்றி 24 மைல்! 12 விநாடியிலிருந்து 39 நிமிடத்துக்கு வர இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அந்த வட்டம் நின்ற நாள்

இதற்குப் பிறகு நடந்ததுதான் யோசிக்கவைப்பது. 1905 அக்டோபருக்குப் பிறகு அவர்கள் பறப்பதை நிறுத்திவிட்டார்கள். யாராவது பார்த்து காப்பியடித்துவிடுவார்கள், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வெளியே காட்டக் கூடாது என்பதுதான் காரணம். 1906 மே மாதம் காப்புரிமையும் கிடைத்தது. ஆனா 1908 மே வரை, இரண்டரை வருடம், ஒருமுறைகூடப் பறக்கவில்லை. உலகின் மிகச் சிறந்த விமானம் பெட்டிக்குள் கிடந்தது. அதற்குள் பாரிஸில் சாண்டோஸ்-டுமோன்ட் பறந்துவிட்டார். அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் கிளம்பிவிட்டார்.

1908-ல் வில்பர் பிரான்ஸ் போனார். பெட்டியைத் திறந்தால் பாகங்கள் உடைந்து கிடந்தன. வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தார். இன்ஜினிலிருந்து கொதிநீர் பீறிட்டுக் கை வெந்தது. ஷெட்டிலேயே படுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 8-ம் தேதி, லே மான் நகருக்குப் பக்கத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில், சந்தேகத்தோடு வந்திருந்த கூட்டத்துக்கு முன்னால் பறந்தார். 1 நிமிடம் 45 விநாடிதான். ஆனா அவர் காற்றில் சாய்ந்து திரும்பிய அழகைப் பார்த்து ஐரோப்பாவே வாயடைத்துப்போனது. அந்த வருடத்தின் கடைசி நாளில் 2 மணி 20 நிமிடம் பறந்தார். செம கெத்தான வருடம்தான் அது. ஆனா அதே செப்டம்பரில், அமெரிக்காவில் ஆர்வில் ஓட்டிய விமானம் விழுந்து, உடன் வந்த ராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். ஆர்வில் படுகாயமடைந்தார். கேத்தரின் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து அண்ணனைக் கவனித்துக்கொண்டார்.

1909-லிருந்து கோர்ட் வாழ்க்கை. கர்ட்டிஸ் மேலும், ஐரோப்பாவில் சிலர் மேலும் வழக்கு. இறக்கையைக் கட்டுப்படுத்தும் எங்கள் முறையை எடுத்துக்கொண்டார்கள் என்பது வாதம். அதில் நியாயம் இருந்தது. பின்னால், 1914-ல், மேல்முறையீட்டு நீதிமன்றமே ரைட்டுகள் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆனா அந்த நியாயத்தை நிரூபிக்க வில்பர் கொடுத்த விலை, அவருடைய நேரம். வக்கீல்கள், வாக்குமூலம், கப்பல் பயணம் என்றே நாள்கள் ஓடின. விண்ட் டனல் இல்லை, மணல்மேடு இல்லை, காலைச் சாப்பாட்டில் சண்டை இல்லை. அறிவைத் திறந்து பகிர வேண்டும் என்று நம்பிய ஷனூட்டோடு உறவு கசந்தது. அது முழுசாகச் சரியாவதற்குள் 1910 நவம்பரில் ஷனூட் இறந்துபோனார். ஐரோப்பிய விமானங்களோ வருடா வருடம் மாறி, வேகத்தில் இவர்களை முந்திக்கொண்டிருந்தன.

நடுவில் ஒரே ஒரு நல்ல நாள். இருவரும் ஒன்றாகப் பறக்க மாட்டோம் என்று அப்பாவுக்கு வாக்கு கொடுத்திருந்தார்கள். ஒருவர் போனாலும் இன்னொருவர் வேலையைத் தொடர வேண்டுமே! 1910 மே 25-ம் தேதி அப்பா அனுமதி கொடுக்க, அண்ணனும் தம்பியும் முதலும் கடைசியுமாகச் சேர்ந்து ஆறு நிமிடம் பறந்தார்கள். அதே நாளில் 81 வயது அப்பாவையும் ஆர்வில் மேலே அழைத்துப்போனார்.

1912 ஜனவரியில் வில்பர் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்த வழக்குகளில் போன நேரத்தை சோதனைகளில் செலவிட்டிருந்தால் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று வருந்தியிருக்கிறார். மே மாதம் டைஃபாய்டில் படுத்தார். குடும்பத்துக்காகத் திட்டமிட்டிருந்த புது வீட்டில் ஒருநாள்கூட இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1912 மே 30-ம் தேதி இறந்தார். வயது 45.

அந்தத் தேதி ஞாபகம் இருக்கிறதா? ஸ்மித்சோனியனுக்குக் கடிதம் எழுதி, சரியாக 13 வருடம். முதல் பாதியில் ஒரு பட்டத்திலிருந்து விமானம் வரை வந்தார். பின்பாதியில் பெரும்பகுதி, அந்த விமானத்தைப் பாதுகாப்பதிலேயே போனது.

நம் டீமுக்கு என்ன?

அஜைல் என்றதும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கும், சுவரில் ஒட்டிய கலர் கலர் சீட்டும்தான் ஞாபகம் வருகிறது. பல ஆபீஸில் அதோடு முடிந்தும்விடுகிறது. தினமும் 15 நிமிடம் நின்றபடி பேசிவிட்டு, டெமோவை மட்டும் எட்டு மாதம் கழித்து வைத்தால், நாமும் லாங்லி டீம்தான். பெயர் மட்டும் வேறு.

வில்பர் காட்டியது எளிமையானது. பெரிய சந்தேகத்தை முதலில் சோதிப்பது. அதையும் விழுந்தாலும் எழ முடிகிற உயரத்தில் சோதிப்பது. புத்தகம் சொன்னாலும் சீனியர் சொன்னாலும், ஓட்டிப் பார்த்தபின் நம்புவது. தம்பி சொன்னதுதான் சரி என்றால், அன்றைக்கே சுக்கானை மாற்றுவது. ஆனா இதில் எதுவும் ஒருமுறை செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிற விஷயம் இல்லை. ஜெயித்த பிறகு, இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று தோன்றும்போதுதான் அந்த வட்டம் சத்தமில்லாமல் நிற்கிறது. அவ்வளவு பெரிய மனிதருக்கே நின்றது.

அதனால அடுத்த ஸ்பிரின்ட் ப்ளானிங்கில், எத்தனை வேலை முடிப்போம் என்ற கேள்விக்கு முன்னால் இதைக் கேட்டுப்பாருங்கள். நம் டீம் ஒரு தப்பு பண்ணினால், அது நமக்குத் தெரியவர எத்தனை நாள் ஆகும்?

பதில் மாதக்கணக்கில் வந்தால், உங்களுக்குத் தேவை இன்னொரு மீட்டிங் இல்லை. ஒரு மரப்பெட்டி விண்ட் டனல்தான்!